அடுப்பு வெயில்

முதல் வெள்ளை என் வலது கட்டைவிரலுக்குக் கீழே வந்தது. கோலமாவு ஒட்டியிருக்கிறது என்று நினைத்துக் கழுவினேன். போகவில்லை. அடுத்த பொங்கலுக்குள் புறங்கை முழுக்கப் பரவி, உதட்டோரத்திலும் ஒரு கீற்று விழுந்துவிட்டது.

எங்கள் ஊர் திருப்புலிவனத்துக்குப் பக்கம். அங்கே இதற்கு வெண்குஷ்டம் என்று பெயர். பெயரில் குஷ்டம் இருந்தால் போதும், அதற்கு மேல் யாரும் விசாரிக்க மாட்டார்கள். என் தம்ளரும் தட்டும் தனியாயின. எனக்குத் தலை பின்னிவிட வரும் பக்கத்து வீட்டு அத்தை, திடீரென்று இடுப்புவலி என்று வராமல் நின்றாள். அவள் இடுப்பு நன்றாகத்தான் இருந்தது. தினமும் எங்கள் கொல்லைக் கிணற்றில் குடம் குடமாகத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போனாள்.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனா என்னை முதல் பஸ்ஸில் காஞ்சிபுரத்துக்கு ஒரு டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போனார். வழியெல்லாம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டாக்டர் என் கையைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார். என்னை யாரும் தொட்டு அவ்வளவு நாளாகியிருந்ததால் எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

"இது குஷ்டமே இல்லை. யாருக்கும் ஒட்டாது. தோலுக்கு நிறம் கொடுக்கிற சத்து அங்கங்கே வேலை செய்யாமல் நின்றுபோயிருக்கிறது, அவ்வளவுதான்" என்றார்.

பழுப்பு பாட்டிலில் ஒரு மருந்து கொடுத்தார். நாட்டு வைத்தியர்கள் அரைத்துப் பூசும் கார்போகரிசி விதையின் சாரம்தான் அதில் இருக்கிறதாம். "இந்த மருந்து தானாக ஒன்றும் செய்யாது. தோலைத் தயார் பண்ணி வைக்கும். வெயில் பட்டால்தான் நிறம் வரும். பூசிவிட்டுக் காலை வெயிலில் கொஞ்ச நேரம் காட்ட வேண்டும். போகப் போக நேரத்தைக் கூட்டலாம். ஒரேயடியாகக் காட்டினால் வெந்துபோகும். மாதக்கணக்கில் ஆகும், பொறுமையாக இருக்கணும்" என்றார். நைனா எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார்.

எங்கள் வீட்டில் முற்றம் கிடையாது. வெயில் வேண்டுமென்றால் தெருவுக்குப் போக வேண்டும், இல்லையென்றால் கொல்லைக்கு. கொல்லைக் கிணற்றில் அக்கம்பக்கத்தார் எல்லாருக்கும் தண்ணீர். அம்மா பாட்டிலை வாங்கிப் பார்த்துவிட்டு யோசித்தாள்.

"வெயில்ல குந்துனா நம்ம தெருவோட நிக்காது, ஊரே பாத்துடும். அப்பறம் சின்னவள எவன் கட்டுவான்?"

சின்னவள் என்பது என் தங்கை. அவளுக்கு ஜாதகம் எடுத்திருந்தார்கள்.

"வெயில்ல இன்னா கீது? சூடுதானே கீது. அந்தச் சூடு நம்ம அடுப்புல இல்லியா?" என்றாள் அம்மா.

"டாக்டரு வெயிலத்தாம்மா சொன்னாரு" என்றேன்.

"நீ படிச்ச படிப்புக்கு வெயிலும் சூடும் வேற வேறயா?"

நைனாவைப் பார்த்தேன். டாக்டர் சொன்னதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட மனிதர், இப்போது அம்மா சொன்னதற்கும் அதே மாதிரி தலையை ஆட்டினார்.

அன்றிலிருந்து தினமும் விடிந்ததும் அம்மா எனக்கு மருந்து பூசி, நெல் அவிக்கிற அடுப்பின் முன்னால் உட்கார வைப்பாள். அது பின்கட்டில் கூரைக்குக் கீழே இருட்டில் இருந்த பெரிய அடுப்பு. கையை நீட்டிக்கொண்டு, உதட்டைத் தணலுக்குக் காட்டிக்கொண்டு, கண்ணில் நீர் வழிய உட்கார்ந்திருப்பேன். அம்மா ஒரு நாள்கூடத் தவறவிடவில்லை. அந்த விஷயத்தில் அவளைக் குறை சொல்ல முடியாது. காய்ச்சல் வந்த நாளிலும் என்னைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு போய் அடுப்பாண்டை உட்கார வைத்தாள். என் முகம் புகையில் கறுத்தது. வெள்ளை மட்டும் வெள்ளையாகவே இருந்தது.

"டவுன் டாக்டருங்கன்னாலே பேஜாருதான். கலர் தண்ணிய குடுத்து ஏமாத்திட்டான்" என்றார் நைனா.

மாகறலிலிருந்து தங்கையைப் பெண் பார்க்க வந்தார்கள். நான் வீட்டில் இருக்கக் கூடாது என்பதால் வழக்கம்போல மருந்தைப் பூசி, சோற்று மூட்டையும் கொடுத்து, கழனியில் மோட்டார் கொட்டகைக்கு அனுப்பிவிட்டார்கள். கொட்டகைக்குள் இரு என்று சொல்லி அனுப்பினார்கள். நான் வெளியே வரப்பில் உட்கார்ந்தேன். யார் வேண்டுமானாலும் பார்க்கட்டும் என்று பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தேன். அத்தனை கோபம்.

மறுநாள் கை முழுக்கக் கொப்புளம். உதடு வீங்கிவிட்டது. டாக்டர் விஷத்தைக் கொடுத்துவிட்டான் என்று அம்மா திட்டிக்கொண்டே தேங்காய் எண்ணெய் தடவினாள். கொப்புளம் வற்றித் தோல் உரிந்த பிறகு, ஒருநாள் பாத்திரம் தேய்க்கும்போது பார்த்தேன். புறங்கை வெள்ளைக்குள், மயிர்க்கால்களைச் சுற்றி, கடுகு தூவினாற்போல் கறுப்புப் புள்ளிகள். உதட்டில் ஒன்றும் இல்லை. கையில் இருந்தது.

சாம்பல் கையோடு அம்மாவிடம் ஓடி, அன்றைக்கு வரப்பு வெயிலில் உட்கார்ந்திருந்ததைச் சொன்னேன். அவள் என்னை வாசற்படி வெளிச்சத்துக்கு இழுத்துக்கொண்டு போய், கையை முகத்துக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள்.

"கறுக்குதுடி" என்றாள். அவள் கண்ணும் கலங்கியது. நாளையிலிருந்து கொல்லையில் உட்காரலாம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் எனக்குக் கல்யாணம் ஆகிவிட்ட விஷயம் தெரிந்தது. மாகறல்காரர்கள் பெரிய பெண் எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். பெங்களூரில் கட்டிக்கொடுத்துவிட்டோம், மாப்பிள்ளை மில்லில் வேலை, லீவு கிடைப்பதில்லை என்று நைனா சொல்லியிருக்கிறார். எங்கள் தெருவில் எல்லாரும் பங்காளிகள். ஒரு வீட்டுப் பெண்ணுக்கு இந்த வியாதி என்று வெளியே போனால் அத்தனை வீட்டுப் பெண்களுக்கும் வரன் நின்றுபோகும் என்று ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. என்னைத் தொடாத ஜனங்கள் எனக்காக அத்தனை ஒற்றுமையாகப் பொய் சொன்னார்கள்.

"பெங்களூர்ல கீற பொண்ணு கொல்லையில இன்னாத்துக்குக் குந்திக்கினு கீதுன்னு யாரனா கேட்டா இன்னா சொல்றது? கல்யாணம் முடியட்டும்" என்றாள் அம்மா.

தங்கையின் கல்யாணத்தன்று நான் நெல் மூட்டைகளோடு உள்ளறையில் இருந்தேன். மேளச்சத்தத்தை வைத்துத் தாலி கட்டியாகிவிட்டது என்று தெரிந்துகொண்டேன். கல்யாணம் முடிந்ததும் தலைதீபாவளி வரட்டும் என்றார்கள். தீபாவளிக்குப் பிறகு, சம்பந்தி வீட்டார் வந்து போகிற வீடு என்றார்கள். பாட்டிலில் மீதியிருந்த மருந்தை அம்மா தினமும் தவறாமல் பூசி, மறுபடியும் அதே அடுப்பின் முன்னால்தான் உட்கார வைத்தாள். வெயில் செய்ததைக் கண்ணால் பார்த்த பிறகும் அடுப்பு. அதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. மருந்து தீர்ந்தது. புள்ளிகள் புள்ளிகளாகவே நின்றுவிட்டன.

தங்கை தலைப்பிரசவத்துக்கு வந்தாள். கூடவே அவள் மாமியாரும் வந்து குழந்தை பிறக்கும்வரை இருக்கப்போவதாகச் சொன்னாள். அத்தனை நாள் என்னை எந்த அறையில் பூட்டுவது? கதையை மாற்றினார்கள். கல்யாணத்துக்குப் பிறகு வெள்ளை வந்ததாம், பெங்களூர் புருஷன் அதைப் பார்த்துத் துரத்திவிட்டானாம். அந்தக் கதையோடு நான் வெளியே வந்தேன்.

தங்கையின் மாமியார் நல்ல மனுஷி. என்னைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இதுக்கா வுட்டான் அந்தப் பாவி? எங்க நாத்தனாருக்குங்கூட இது கீதும்மா. மூஞ்சி பூரா கீது. அவ பாட்டுக்கு நாலு எடத்துக்குப் போயிக்கினு வந்துக்கினு கீறா. நாங்க அத ஒரு பேச்சாவே எடுக்கறதில்ல."

அம்மா அடுப்பில் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

மறுநாள் காலையில் அம்மா என்னைக் கொல்லைக்குக் கூப்பிட்டாள். கிணற்றடியில், எல்லாரும் தண்ணீர் இழுக்கிற இடத்துக்குப் பக்கத்தில், நல்ல வெயிலில் பாய் விரித்திருந்தாள்.

"குந்தும்மா. நைனாவ காஞ்சிவரத்துக்கு அனுப்பி அந்த மருந்த வாங்கியாரச் சொல்றேன்" என்றாள்.

"இனிமே யாருக்கு? எனக்குத்தான் கல்யாணம் ஆயி, புருஷனும் வுட்டுட்டானே" என்றேன்.

அம்மா பாயைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனாள். நெல் அவிக்க நேரமாகியிருந்தது.