இரண்டு பேர் படித்த புத்தகம்

பல் டாக்டரின் கிளினிக்கில் அவளுக்குப் பெயர் ‘கதை’. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளம் வாங்கும்போது மட்டும்தான் வெளியே வரும். டாக்டர் பல்லைக் குடையும்போது பக்கத்தில் நின்று எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிப்பதும், சிமெண்ட் குழைத்துக் கொடுப்பதும், கருவிகளைச் சுத்தம் செய்வதும் அவள் வேலை. நாற்காலியில் சாய்ந்திருப்பவர் பயத்தில் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தால் போதும், அந்த வாரம் படித்த நாவலைச் சொல்ல ஆரம்பித்துவிடுவாள்.

“அந்த வக்கீல் இருக்கானே, சரியான ஃபிராடுங்க. கட்சிக்காரிகிட்ட ஒண்ணு சொல்றான், எதிராளிகிட்ட ஒண்ணு சொல்றான்...”

வாயைத் திறந்து வைத்திருப்பவர் என்ன பதில் சொல்ல முடியும்? “உன்கூட வாதாடாத ஆளாப் பாத்துத்தான் நீ கதை சொல்றே” என்பார் டாக்டர்.

அவளோடு வாதாட வீட்டில் ஒருத்தி இருந்தாள். அவளுடைய அண்ணி.

கதைக்கு அப்போது நாற்பதை நெருங்கும் வயது. கல்யாணப் பேச்சு ஒன்றிரண்டு தடவை வந்து, வந்த வழியே போய்விட்டது. அப்பா இல்லை. அம்மா, அண்ணன், அவள் என்று மூன்று பேர் இருந்த வீட்டுக்கு அண்ணி நான்காவதாக வந்தாள். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். அடுக்குமாடிக் கட்டிடங்களில் நின்றுபோன லிஃப்டுகளைச் சரிசெய்கிறவன். எண்ணெய்க் கறையோடு வருவான், பேசாமல் சாப்பிடுவான், படுத்துவிடுவான். அண்ணி ஒரு டைல்ஸ் கடையில் பில் போடுகிறவள். கல்யாணமான புதிதில் இரண்டு பெண்களும் ஒருவருக்கொருவர் “சாப்பிட்டீங்களா”வுக்கு மேல் போகவில்லை.

ஒருநாள் கதை சாப்பாட்டு மேசையில் ஒரு காதல் நாவலைக் கவிழ்த்துப் போட்டுவிட்டுக் குளிக்கப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது அண்ணி நின்றபடியே அதைப் படித்துக்கொண்டிருந்தாள்.

“இந்த ஹீரோவுக்கு உட்காரவே தெரியாதா? நானும் பாக்கறேன், எப்பவும் ஜன்னல்கிட்டயே நிக்கிறான்.”

கதைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அந்த நாவலை முக்கால்வாசி படித்திருந்தாள். அவன் உட்காரவே இல்லை என்பது அவளுக்கு உறைத்திருக்கவில்லை.

அன்று முதல் வீட்டுக்கு வரும் ஒவ்வொரு புத்தகத்தையும் இரண்டு பேரும் படித்தார்கள். மருந்துக்கடை மாடியில் இருந்த வாடகை நூலகத்தில் புது நாவல் வந்தால் நூலகக்காரர் கதைக்காக எடுத்து வைப்பார். ஒரே புத்தகத்தை இருவரும் மாற்றி மாற்றிப் படித்தார்கள். கதை படித்த இடத்தில் கிளினிக்கின் சீட்டு இருக்கும், அண்ணி படித்த இடத்தில் டைல்ஸ் விலை அட்டை இருக்கும். யார் முந்துகிறார்கள் என்று பார்ப்பதில் ஒரு போட்டி. முந்தியவள் வாயைத் திறக்கக் கூடாது என்று ஒரு சட்டம். அண்ணியால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியும், முகத்தை மூடிக்கொள்ள முடியாது. “யாரோ சாகப்போறாங்க, இல்ல? சொல்லாதீங்க, சொல்லாதீங்க” என்று கதை காதைப் பொத்திக்கொள்வாள்.

இருவரும் படிக்கும் விதமே வேறு. கதை அழுவாள். கடைசிப் பக்கத்தில் யாராவது யாரையாவது கட்டிப்பிடித்துவிட்டால் எழுதியவர் அதுவரை செய்த எல்லாப் பிழையையும் விட்டுவிடுவாள். அண்ணி அப்படி விடுகிறவள் இல்லை. மூன்று தலைமுறைக் குடும்பக் கதை ஒன்று அப்போது சக்கைப்போடு போட்டது. கதை அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். அண்ணி படித்துவிட்டுக் கேட்டாள்: “பதினோரு பேர் இருக்கற வீடு. எல்லாரும் சாப்பிடறாங்க, எல்லாரும் கண்ணீர் விடறாங்க. பாத்திரத்தை யாரு கழுவினா?”

“உனக்கு மனசே இல்ல!” என்றாள் கதை. நாவல் சண்டை முற்றினால் மட்டும் ‘நீங்க’ என்பது ‘நீ’ ஆகிவிடும். அண்ணிக்கு அது பிடித்திருந்தது.

துப்பறியும் கதைகளில் அண்ணி பாதியிலேயே கொலைகாரனைப் பிடித்துவிடுவாள். “தோட்டக்காரன் மேல சந்தேகம் வர்ற மாதிரியே எழுதிட்டு வர்றாரு. அப்ப அவன் இல்ல. மாமனாரப் பாரு, ரொம்ப நல்லவரா இருக்காரு.” மாமனார்தான். நடுக்கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருக்கும் அம்மா, “செத்தவனும் இல்ல, கொன்னவனும் இல்ல, இதுக்கு இவ்வளவு சத்தமா” என்று தலையில் அடித்துக்கொள்வாள். அண்ணன் ஒன்றும் சொல்ல மாட்டான். சில நாள் அவன் வீட்டில் இருக்கிறான் என்பதே தெரியாது.

இப்படியே வருடங்கள் ஓடின.

பிறகு ஒரு குண்டு நாவல் வந்தது. பஸ்ஸில், கடையில், கிளினிக்கின் காத்திருக்கும் பெஞ்சில் என்று எங்கே பார்த்தாலும் அதன் நீல அட்டை. நூலகத்தில் அதற்கு வரிசை நின்றது. அந்த நாவலில் நடப்பது இதுதான்: கணவன் வேறொரு பெண்ணோடு போய்விடுகிறான். மனைவி வீட்டையும் மாமியாரையும் நாத்தனாரையும் பார்த்துக்கொண்டு காத்திருக்கிறாள். கடைசியில் அவன் திரும்பி வந்து வாசலில் நிற்கிறான். அவள் கதவைத் திறக்கிறாள்.

கதை அதை ஒரே மூச்சில் படித்து முடித்து, கிளினிக்கில் வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னாள். அண்ணி மட்டும் வழக்கத்துக்கு மாறாக மெதுவாகப் படித்தாள். விலை அட்டை ஒரே இடத்தில் நாள்கணக்கில் கிடந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இருவரும் மொட்டை மாடியில் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார்கள். போர்வையின் இரண்டு முனையை அண்ணியும் இரண்டு முனையைக் கதையும் பிடித்திருந்தார்கள்.

“முடிச்சிட்டேன்” என்றாள் அண்ணி.

“எப்படி? கடைசில அழுதீங்களா இல்லையா? உண்மையச் சொல்லணும்.”

“அவ ஏன் கதவைத் திறந்தா?”

“திறக்காம? அவ்வளவு நாள் அதுக்குத்தானே காத்திருந்தா.”

“நீயா இருந்தா என்ன பண்ணுவே?”

கதை யோசிக்கவே இல்லை. “திறந்திருப்பேன். பின்ன என்ன அண்ணி, அந்த வீட்ட விட்டுட்டு அவ எங்க போவா? எல்லாரும் அங்கதானே இருக்காங்க. கொஞ்சம் பொறுத்தா. வந்துட்டான்ல?”

அண்ணி போர்வையைத் தன் பக்கம் வாங்கி, இன்னொரு மடிப்பு மடித்து, கூடையில் வைத்தாள். “நல்லா எழுதியிருக்காரு” என்றாள். அண்ணி ஒரு நாவலைக் குறை சொல்லாமல் விட்டது அதுதான் முதல் தடவை. கடைசியில் தன் கட்சி ஜெயித்துவிட்டது என்று கதைக்கு ஒரே சந்தோஷம்.

அடுத்த மாதம் அண்ணன் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, சாப்பிடாமல், விஷயத்தைச் சொன்னான். அவன் லிஃப்ட் பார்க்கப் போகும் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிற பெண். இனிமேல் அவளோடு இருக்கப்போகிறான். அம்மா எழுந்து நின்றவள் மறுபடி உட்கார்ந்துவிட்டாள். அண்ணி தண்ணீர்ச் சொம்பை மேசையில் வைத்தாள். அவள் முகத்தில் அதிர்ச்சி இல்லை. வெகுநாளாக எதிர்பார்த்திருந்த பஸ் வந்து நின்றதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதைதான் கத்தினாள். “அண்ணி உனக்கு என்ன குறைச்சல் வச்சாங்க? சொல்லு! இப்பவே சொல்லு!”

“ஒரு குறையும் இல்ல. தப்பு என்மேலதான்.” அண்ணன் நிமிரவில்லை. “ஆனா அங்க இருந்தாத்தான் எனக்கு மூச்சு விடற மாதிரி இருக்கு. நீ சும்மா இரு. இது நீ படிக்கிற புஸ்தகம் இல்ல.”

அம்மா அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். “அவனுக்குப் புத்தி கெட்டுப்போச்சும்மா. நீ எங்கயும் போகாதே. இது உன் வீடு. கொஞ்சம் பொறுத்துக்கோ, வந்துடுவான்.”

அப்போது அண்ணி திரும்பிக் கதையைப் பார்த்தாள். கோபப் பார்வை இல்லை. எதையோ சரிபார்த்துக்கொள்வதுபோல ஒரு பார்வை. அதன் பொருள் கதைக்கு அப்போது புரியவில்லை.

அண்ணி பொறுத்துக்கொள்ளவில்லை. இரண்டு பெட்டியும் ஒரு பையுமாகக் காலையில் கிளம்பினாள். தன் அக்கா வீட்டில் ஓர் அறை கேட்டிருந்தாள். கதை பெட்டியைத் தூக்கிக்கொண்டு வண்டிவரை போனாள். வண்டியில் ஏறிய பிறகு அண்ணிதான் சொன்னாள்: “அலமாரி மேல நூலகப் புஸ்தகம் இருக்கு. தேதி தாண்டிடப் போகுது.”

அவ்வளவுதான். தெருமுனையில் வண்டி திரும்பும்வரை கதை நின்றாள். பிறகு கிளினிக்குக்குப் போனாள். அன்று நாற்காலியில் உட்கார்ந்த யாருக்கும் கதை கிடைக்கவில்லை.

அண்ணிக்குப் போன் செய்தாள். மணி அடித்து நின்றது. மறுபடி செய்தாள். “நல்லா இருக்கேன்” என்று ஒரு செய்தி மட்டும் வந்தது.

அவள் படிப்பதை நிறுத்தவில்லை. வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. ஒரு பேய்க் கதை படித்தாள். பேய் வரும் இடமெல்லாம் மின்சாரம் போனது. அண்ணி இருந்தால் ‘பேய ஓட்டறதுக்கு முன்னாடி மின்சார ஆபீஸ்லதான் புகார் குடுக்கணும்’ என்றிருப்பாள். நினைத்ததும் சிரிப்பு வந்தது, சிரித்துக்கொண்டே அடுப்பங்கரைப் பக்கம் திரும்பினாள். அங்கே அம்மா மாத்திரையைத் தேடிக்கொண்டிருந்தாள்.

அந்த நீல அட்டை நாவல் வரிசையெல்லாம் ஓய்ந்து நூலகத்தில் சும்மா கிடந்தது. மறுபடி எடுத்து வந்தாள். இந்தத் தடவை கண்ணீர் வரவில்லை. பக்கத்துக்குப் பக்கம் மனைவி காத்திருந்தாள்; மாமியாருக்குக் கால் பிடித்தாள்; நாத்தனாருக்குத் தலை வாரினாள். நாத்தனார் அவள் பக்கம் நின்று ஒரு வார்த்தை பேசவில்லை. முதல் தடவை இதெல்லாம் எங்கே போயிருந்தது? கடைசிப் பக்கத்தில் கதவு திறந்தபோது, மொட்டை மாடியில் கேட்ட குரல் அவளுக்குத் தெளிவாகக் கேட்டது. நீயா இருந்தா என்ன பண்ணுவே?

புத்தகத்தை மூடிப் பையில் வைத்தாள்.

மறுநாள் டாக்டரிடம் பாதி நாள் லீவு கேட்டு டைல்ஸ் கடைக்குப் போனாள். மதிய இடைவேளை. அண்ணி கடையின் பின்பக்கம், அடுக்கி வைத்த பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள்.

“அண்ணி.”

“வா. சாப்பிட்டியா?” கல்யாணமான புதிதில் கேட்ட அதே கேள்வி. பிறகு அவளால் அடக்க முடியவில்லை. “அந்தப் பேய்க் கதை படிச்சியா? கிணத்துல ஒரு பொண்ணு நிக்கிறாளே.”

“படிச்சேன்! கரண்டு போய்ப் போய்...”

“அந்தக் கிணத்துக்கு மூடியே இல்லையா? ஊர்ல இத்தனை பேர் விழுந்திருக்காங்க, ஒரு மூடி போட மாட்டாங்களா?”

இருவரும் சிரித்தார்கள். அண்ணிக்குப் புரையேறியது. கதை தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். வாசலில் வாடிக்கையாளர் யாரோ எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்துக்கு எல்லாம் பழையபடி ஆகிவிட்டது போலிருந்தது. அந்த நம்பிக்கையில்தான் கதை வாயைத் திறந்தாள்.

“அண்ணி, உங்களுக்கு எப்பத் தெரியும்? அண்ணன் விஷயம்.”

“அந்தக் குண்டுப் புஸ்தகம் வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே.”

“அன்னிக்கு மாடியில... நான் கதையப் பத்தித்தான் சொன்னேன்.”

“தெரியும்” என்றாள் அண்ணி. “நான்தான் கதையப் பத்திக் கேக்கல.”

“நேராக் கேட்டிருக்கலாமே. நான் வேற மாதிரி சொல்லியிருப்பேன்.”

“எப்படிக் கேப்பேன்? அவர் உன் அண்ணன். கேட்டா நீ சங்கடப்படுவே. அதான் புஸ்தகத்த வச்சுக் கேட்டேன். உண்மைய அப்பத்தானே சொல்லுவே.”

கதை அழுதாள். அண்ணி அழவில்லை. டிபன் பாக்ஸை மூடி ஓரமாக வைத்தாள்.

“உன்மேல கோபம் இல்லம்மா. இருந்தா திட்டிட்டுப் போயிருப்பேன். உன்னப் பாத்தா அந்த வீடு மொத்தமும் கண்ணு முன்னாடி வருது. மாடி, அடுப்பு, நீ காதப் பொத்திக்கிறது. மோசமா இருந்தது எதுவும் வரல. நல்லா இருந்ததுதான் வருது. அதான் தாங்க முடியல. நீ வராதே.”

“போன்லயாவது...”

“வேணாம். நான் இப்ப உனக்கு அண்ணியும் இல்ல.”

“அப்ப நான் உங்கள என்னன்னு கூப்பிடறது?”

அண்ணி பதில் சொல்லத் தொடங்குவதற்குள் முன்பக்கத்திலிருந்து முதலாளி கூப்பிட்டார். குளியலறைத் தரைக்கு வழுக்காத டைல்ஸ் கேட்டு ஒரு குடும்பம் வந்திருந்தது. அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். போகும்போது கதையின் தோளில் ஒரு நொடி கை வைத்தாள்.

பிறகு அவள் வேறு ஊரில் வேறு கடைக்கு மாறிப் போய்விட்டாள் என்று அதே முதலாளி சொன்னார். கதை மேற்கொண்டு விசாரிக்கவில்லை.

அண்ணன் இப்போது மாதம் ஒருதடவை அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு அம்மாவைப் பார்க்க வருகிறான். அவள் கெட்டவள் இல்லை. அம்மாவின் மருந்துகளைக் கேட்டு வாங்கி வருகிறாள். அவளை அண்ணி என்று கூப்பிடக் கதைக்கு நாக்கு வரவில்லை. “இங்க பாருங்க” என்று சொல்லியே சமாளிக்கிறாள். ஒருமுறை அந்தப் பெண் அலமாரியைப் பார்த்துவிட்டு, “இவ்வளவும் படிப்பீங்களா? எனக்கு ரெண்டு பக்கம் படிச்சாத் தூக்கம் வந்துடும்” என்று வெகுளியாகச் சிரித்தாள். கதையும் சிரித்து வைத்தாள்.

போன வாரம் நூலகக்காரர் புது நாவல் ஒன்றை எடுத்து வைத்திருந்தார். எல்லோரும் படிக்கிறார்களாம். ஒரு ரயில் டிரைவரையும் அவர் மகளையும் பற்றியது. கதை அதை முழுக்கப் படித்தாள், ஒரு வரி விடவில்லை. திருப்பிக் கொடுத்தபோது நூலகக்காரர், “எப்படியிருக்கு?” என்று கேட்டார்.

டிரைவர் கடைசியில் வேலையை விட்டது அழகாக இருந்தது என்று அவளுக்குத் தோன்றியது. பொய்யாக இருந்தது என்றும் தோன்றியது. யாராவது வாதாடி ஒரு பக்கம் இழுத்தால், தான் எந்தப் பக்கம் என்று அவளுக்குத் தெரிந்துவிடும்.

“தெரியலங்க” என்றாள். அடுத்த புத்தகத்தை வாங்கிக்கொண்டு படியிறங்கினாள்.