கூட்டச் சொன்னேன், குறைத்தார்

காய்ச்சலும் இருமலுமாக இருந்த என் மனைவி, அன்று காலை தானே கார் ஓட்டிக்கொண்டு உலு திராமில் இருக்கும் கிளினிக்குக்குப் போனாள். வேலைக்கு விடுப்பு எடுக்க டாக்டரிடம் எம்.சி. சீட்டு வாங்கிக்கொண்டு வந்து படுத்துவிடுவதாகச் சொன்னாள். நான் வழக்கம்போல் எல்லை தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டேன்.

மத்தியானம் போன் வந்தது. கிளினிக்கிலிருந்து அவளை ஆம்புலன்ஸில் ஜொகூர் பாரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது ஐ.சி.யூ. வாசலில் ஓர் இளம் டாக்டர் காத்திருந்தார். தமிழ்ப் பெண்.

"ரெண்டு நுரையீரலும் வீங்கி தண்ணி கோத்திருக்குண்ணே. தூங்க வச்சு, மூச்சு விடுற மெஷின்ல போட்டிருக்கோம்."

"காலையில தோசை சுட்டா டாக்டர்," என்றேன்.

மறுநாளும் ஆக்சிஜன் அளவு ஏறவில்லை. மெஷின் கொடுக்கிற காற்று போதவில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது.

"பிரஷர இன்னும் கூட்டி வைங்க டாக்டர்."

"அதத்தான் பார்க்கப் போறேன். இங்கயே நில்லுங்க."

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். டாக்டர் மெஷினின் காற்றழுத்தத்தைக் கூட்டினார். கொஞ்ச நேரத்தில் ரத்த அழுத்தம் சரிந்தது, மானிட்டர் கத்தியது. உடனே ஒரே மூச்சில் காற்றழுத்தத்தை இறக்கி, நுரையீரலிலிருந்து வெளியே வந்த காற்றின் அளவைத் திரையில் பார்த்தார். பிறகு, முன்பு இருந்ததைவிடவும் குறைத்து வைத்தார். கைவிட்டுவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

டாக்டர் வெளியே வந்தார். "நுரையீரல்ல மூடிக் கிடக்கிற இடம் தொறந்துச்சுன்னா, இறக்கும்போது நிறைய காத்து வரும்ணே. இவங்களுக்கு வரல. கூட்டுனா, நல்லா இருக்கிற கொஞ்ச இடம்தான் உப்புது. இதயத்தையும் அமுக்குது."

"குறைச்சா மூச்சு முட்டாதா?"

"கூட்டுனாதான் ஆபத்து. வேற வழி பார்க்கிறோம்."

அந்த வேற வழி என்னவென்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வந்தபோது அவள் குப்புறக் கிடந்தாள். முகம் ஒரு பக்கம் திரும்பி, கண் இமை வீங்கி, முடி கலைந்து. உயிரோடு இருப்பவர்களை யாரும் அப்படிப் போடுவார்களா? சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மலாய்க்கார நர்ஸ் ஒருவர் ஓடிவந்து என் தோளைப் பிடித்துத் திரையைக் காட்டினார். ஆக்சிஜன் ஏறியிருந்தது. குப்புறப் போட்டால் முதுகுப் பக்க நுரையீரலுக்குக் காற்று போகுமாம். அவர் மலாயில் திரும்பத் திரும்பச் சொன்ன பிறகுதான் என் தலையில் ஏறியது.

அப்புறம் பல நாள் அவளைப் புரட்டிப் புரட்டிப் போட்டார்கள். ஒரு வழியாகத் தொண்டையில் விட்டிருந்த குழாயை எடுத்தார்கள். அவளுக்கு எதுவுமே நினைவில் இல்லை. கஞ்சிக் கரண்டியைத் தூக்கக்கூட அவள் கையில் பலம் இல்லாததைப் பார்த்து மறுபடியும் ஆடிப்போனேன். நானே ஊட்டினேன், பதற்றத்தில் வேகவேகமாக.

"மெதுவா குடுங்க," என்றாள், கரகரத்த குரலில். "நான் எங்கயும் ஓடிட மாட்டேன்."