தண்ணீரில் ஊறவைக்கக் கூடாத சுண்ணாம்பு

பாறசாலைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பழைய சபை ஆலயத்தின் சுவரை மேஸ்திரியான என் அப்பா புதுப்பிக்கிறார். அதற்குச் சுண்ணாம்பு வாங்கக் கடந்த சனிக்கிழமை பூவாரிலுள்ள சூளைக்குப் போய்வந்தேன். பழைய கட்டடத்துக்குச் சுண்ணாம்பு தேடி அந்தப் பக்கம் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். போர்வைக்குள் அம்மாவின் போனில் எழுதுவதால் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் பெயர் வேண்டாம்.

காலை 7.10க்குக் கிளம்பினோம். அப்பாவிடம் ஏழு வருடமாக வேலை பார்க்கும் ஸ்டீபன் அண்ணன்தான் சுமை ஆட்டோவை ஓட்டினார். வாடகை 700 ரூபாய், டீசல் தனி. காஞ்சிரங்குளத்தில் சாக்கு வாங்கச் சுற்றிப் போனதால் 22 கிலோமீட்டர் ஆனது. நேராகப் போனால் குறையும்.

சூளைக்கார ரோஸி அக்கா அண்ணனைக் கண்டதுமே தொடங்கிவிட்டார். “எலே ஸ்டீபா, வெள்ளச் சட்டையில வந்திருக்கே, பெண்ணு பாக்கவாலே?”

“சுண்ணாம்பு வாங்க வெள்ளதான் நல்லது ஆக்கும். அழுக்கு தெரியாதுல்லா?”

சுட்ட சிப்பியைக் குழியில் கொட்டித் தண்ணீர் ஊற்றினார்கள். அடுப்பே இல்லாமல் குழி கொதித்தது. “கிட்ட போவாத மக்கா, கண்ணுல தெறிச்சா தீந்துது” என்றார் அக்கா. இப்படித் தண்ணீர் ஊற்றி நீற்றிய சுண்ணாம்பை மாதக்கணக்கில் தண்ணீருக்கடியில் வைப்பார்களாம். “எம்புட்டு நாள் கெடக்கோ, அம்புட்டுக்கு வெண்ணெய் போல வரும்.”

அதைக் கேட்டதும் எல்லாம் தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

ஊருக்குத் திரும்பியபோது மணி 11.40. சரக்கை இறக்கிய அண்ணன், “மக்கா, ஷெட்டப் பூட்டிட்டு சாவிய அம்மைட்ட குடு” என்று சொல்லிவிட்டுப் போனார். ஷெட்டில் அப்பா முன்பே வாங்கிய இரண்டு பை சுண்ணாம்புத் தூள் இருந்தது. பையில் ‘ஏ’ என்று போட்டிருந்தது. நல்ல தரம், ஊறினால் இன்னும் நன்றாகும் என்று நினைத்தேன். இரண்டையும் தொட்டியில் கொட்டித் தண்ணீர் நிரப்பினேன். அப்பா பாராட்டுவார் என்று நம்பினேன்.

‘ஏ’ என்பது தரமல்ல, வகை. சிப்பிச் சுண்ணாம்பு ‘சி’ வகை. அது காற்றுப் பட்டால்தான் இறுகும், தண்ணீருக்குள் இளகியே இருக்கும். மேல்பூச்சுக்கும் வெள்ளையடிக்கவும் ஏற்றது. ‘ஏ’ வகையில் களிமண்ணின் சேர்க்கை உண்டு. அது தண்ணீருக்குள்ளேயே இறுகிவிடும். மழை அடிக்கும் கைப்பிடிச் சுவருக்காக அப்பா அதை வாங்கியிருந்தார். ‘பி’ இரண்டுக்கும் இடைப்பட்டது. இதையெல்லாம் திங்கட்கிழமைக்குப் பிறகுதான் தேடிப் படித்தேன்.

திங்கள் காலை தொட்டியில் மண்வெட்டி இறங்கவில்லை. அப்பா அண்ணனைப் பார்த்துக் கத்தினார்.

“எலே, தண்ணி ஊத்தினது ஆருலே? சாவி உன் கையிலதானே இருந்து?”

“நான் இல்ல மேஸ்திரி.”

“பின்ன பேயா வந்து ஊத்திச்சு? ஏழு வருசமா என்னலே படிச்சே? நாளையிலிருந்து வராண்டாம்.”

அண்ணன் ஒருமுறை என்னைப் பார்த்தார். சாவியை யாரிடம் கொடுத்தோம் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் சொல்லவில்லை. நான் பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு பேருந்துக்கு நடந்தேன். மூன்று நாளாக அண்ணன் வேலைக்கு வரவில்லை. அவர் வீட்டு வழியில் போகாமல் சுற்றிப் போகிறேன்.

பூவாருக்குப் போகிறவர்கள் ஒன்பது மணிக்குள் போங்கள், நீற்றுவது காலையில்தான். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். நீற்றாத சுண்ணாம்பைச் சாக்கில் கொண்டுவராதீர்கள், மழை பட்டால் வண்டியிலேயே கொதிக்கும். மூடியுள்ள தகர டின் நல்லது. பையில் இருக்கும் எழுத்து எந்த வகையைக் குறிக்கிறது என்று கேட்காமல் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றாதீர்கள்.

இங்கே எழுதியதும் சொல்லிவிட்டது போலத்தான் இருக்கிறது. ஆனால் உங்களுக்கு என்னையும் தெரியாது, ஸ்டீபன் அண்ணனையும் தெரியாது. நாளைக் காலை ஆறு மணிக்கு அப்பா முற்றத்தில் நின்று பல் தேய்ப்பார். வாய் நிறைய நுரை இருக்கும்போது அவரால் உடனே கத்த முடியாது. அதற்குள் முழுவதையும் சொல்லிவிட வேண்டும்.