தைரியநாதன் கணக்கு

பொங்கல் முடிந்த கையோடு மேரிசெல்விக்கு இடுப்பு வலி வந்துவிடும். வருஷம் தவறாது. கணக்குச் சீசன் தொடங்கிவிட்டது என்று உடம்புக்கே தெரிந்துவிடும் போலிருக்கிறது.

நெய்வேலி டவுன்ஷிப்பில் ஜனவரி கடைசிக்குள் சேமிப்புக்கான அத்தாட்சியைச் சம்பளப் பிரிவில் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காமல் விட்டால் பிப்ரவரிச் சம்பளத்தில் வருமான வரியை மொத்தமாகப் பிடித்துவிடுவார்கள். அதனால் பதினேழாம் பிளாக்கில் இருப்பவர்கள் சம்பளச் சீட்டுகளை ரப்பர் பேண்டு போட்டு எடுத்துக்கொண்டு மேரிசெல்வி குவார்ட்டர்ஸுக்கு வந்துவிடுவார்கள். மாதாமாதம் கட்டாயமாகப் பிடிக்கிற பி.எஃப். எவ்வளவு, எல்.ஐ.சி. எவ்வளவு, இரண்டையும் கூட்டினால் வரிச்சலுகை வரம்பு நிரம்புகிறதா, நிரம்பாவிட்டால் இன்னும் எவ்வளவு போட வேண்டும், இதைச் சொல்ல வேண்டியது அவள் வேலை. சம்பளமில்லாத வேலை. ஸ்டோர்ஸ் ஆபீஸில் நாள் முழுக்க போல்ட்டு நட்டுக்கு இன்டெண்ட் சீட்டு எழுதிவிட்டு, கம்பெனி பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, செருப்பைக் கழற்றுவதற்குள் வாசலில் இரண்டு பேர் நிற்பார்கள்.

இதெல்லாம் அவள் கணவர் தைரியநாதன் ஆரம்பித்து வைத்தது. அவர் டைம் ஆபீஸில் உதவியாளர். டிபார்ட்மெண்ட் பரீட்சை மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் தேறவில்லை. கடைசிவரை அதே நாற்காலி. அந்தக் கோபத்தை வீட்டில் காட்டுவார், கொஞ்சம் குடிப்பார். யூனியனில் மதிப்பில்லை, கோயில் கமிட்டியில் மதிப்பில்லை, மச்சான்மாரிடம் சுத்தமாக மதிப்பில்லை. ஆனால் ஜனவரியில் மட்டும் அவர் ராஜா. சட்டைப் பையில் இரண்டு பேனா செருகி, நாற்காலியை ஃபேனுக்கு நேராக இழுத்துப் போட்டு உட்கார்ந்தால் என்ஜினியர்கூட வந்து நிற்பார். யாரிடமும் பத்துப் பைசா வாங்கியதில்லை. “தைரியநாதன் கணக்கு” என்று பிளாக்கில் அதற்குப் பேரே இருந்தது. அவர் சொன்ன தொகைக்கும் சம்பளப் பிரிவு பிடித்த தொகைக்கும் வித்தியாசம் வந்ததே கிடையாது என்பார்கள்.

மேரிசெல்வி அப்போது டீ போடுவாள். ஒருமுறை தட்டோடு வந்தவள் அவர் கூட்டலைப் பார்த்து ஏதோ கேட்கப் போக, “உனக்குக் கணக்கு வராதுடி, நீ டீயப் பாரு” என்றார். பத்துப் பேர் சிரித்தார்கள். அதற்குப் பிறகு யார் வந்தாலும் “என் பொண்டாட்டிக்குக் கணக்கு மட்டும் வராது” என்பது அவருடைய வாடிக்கையான நகைச்சுவையாகிவிட்டது. அவளும் சிரித்து வைப்பாள். சிரிக்காவிட்டால் என்ன செய்வது?

2006-இல் அவர் மாரடைப்பில் போனார். வாரிசு வேலை இவளுக்குக் கிடைத்தது. அடுத்த ஜனவரியில் ஆட்களும் வந்து நின்றார்கள். “அண்ணன் போட்ட பழைய தாளு இருக்குமே, அதப் பாத்துப் போட்டுக் குடுங்க அண்ணி” என்றார்கள். பழைய தாளைப் பார்த்தாள். பி.எஃப். என்ற பேரில் சம்பளத்தில் எது பிடித்தாலும் ஒரே பத்தியில் கூட்டு, அதோடு எல்.ஐ.சி.யைச் சேர், வரம்போடு நிறுத்து, மிச்சச் சம்பளத்துக்கு வரி போடு. அவ்வளவுதான். அதே மாதிரி போட்டாள். சரியாக வந்தது. முன்பு கணக்கு அவர், டீ இவள். இப்போது இரண்டும் இவள் தலையில்.

எட்டு வருஷம் அப்படி ஓடியது. ஒவ்வொரு வருஷமும் இதுதான் கடைசி என்று நினைப்பாள். வாசலில் வந்து நிற்கிறவரிடம் அதைச் சொல்லத்தான் வாய் வராது.

2015 ஜனவரியில் தனகோட்டி வந்தார். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டு பிரிவில் வேலை, சொந்த ஊர் சேத்தியாத்தோப்புப் பக்கம். தைரியநாதனை உடன்பிறந்த அண்ணனாகவே நினைத்தவர். கையில் பாதி கட்டுக் கரும்பு.

“அண்ணி, இந்த வருசம் பாத்துப் போடுங்க. மார்ச்சு மொத வாரத்துல பொண்ணுக்கு வளகாப்பு வெச்சிருக்கோம். கல்யாணத்துக்கப்பறம் சம்மந்திக்காரங்க மொதமொறையா எங்க வூட்டுக்கு வராங்க. பிப்ரவரி சம்பளத்த நம்பித்தான் எல்லாம்.”

அவர் மகள் இசைப்பிரியா நெல்லிக்குப்பத்துப் பையனை விரும்பிக் கட்டிக்கொண்டவள். மாப்பிள்ளை வீட்டார் ஒன்றரை வருஷமாக முறுக்கிக்கொண்டிருந்தார்கள். மேரிசெல்விக்கு அது தெரியும். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

அந்த வருஷ பட்ஜெட்டில் சலுகை வரம்பை ஒரு லட்சத்திலிருந்து ஒன்றரை லட்சமாக உயர்த்தியிருந்தார்கள். தனகோட்டிக்கு பி.எஃப். சந்தா வருஷத்துக்கு எழுபத்தெட்டாயிரம். மகள் கல்யாணத்துக்கு பி.எஃப்.பிலிருந்து எடுத்த லோனுக்குத் திருப்பிப் பிடிப்பது நாற்பத்தெட்டாயிரம். எல்.ஐ.சி. இருபத்து நான்காயிரம். கூட்டினால் அச்சு அசலாக ஒன்றரை லட்சம்.

“ரொம்பிடுச்சு தம்பி. பாண்டு, பத்திரம் எதுவும் வாங்க வேணாம். பிப்ரவரில எப்பவும் போலத்தான் வரும்.”

தனகோட்டி கும்பிட்டார். “அண்ணன் கணக்கு, சும்மாவா?”

பிப்ரவரி நடுவில் மேரிசெல்வி லீவு விஷயமாகச் சம்பளப் பிரிவுக்குப் போனாள். அங்கே ஜாஸ்பர் இருந்தான். கோயில் பாடகர் குழுவில் பாடுகிற பையன், வேலைக்கு வந்து இரண்டு வருஷம். வந்ததோ வந்தோம், தன் வரியையும் கேட்டுவிட்டுப் போகலாமென்று கேட்டாள். அவள் நினைத்ததைவிட மூவாயிரம் கூடுதலாக இருந்தது. அவளும் மகள் ஜெனிஷாவின் நர்சிங் படிப்புக்காக பி.எஃப். லோன் எடுத்தவள்தான்.

“ஆன்ட்டி, நீங்க லோனுக்குக் கட்டுறதையும் சேத்துட்டீங்க. அது சேமிப்புல வராது.”

“ஏம்ப்பா, அதுவும் பி.எஃப்.புக்குத்தான போகுது?”

“போகுது. ஆனா அது நீங்க முன்னாடி போட்ட பணந்தானே? போட்டப்பவே சலுகை வாங்கிட்டீங்க. நடுவுல எடுத்துச் செலவு பண்ணிட்டு இப்ப திருப்பி வைக்கிறீங்க. ஒரே பணத்துக்கு ரெண்டு தடவ சலுகை எப்பிடித் தருவாங்க?”

“வருஷா வருஷம் அப்பிடித்தாம்ப்பா போடுறேன். சரியாத்தான வந்துச்சு?”

“வந்திருக்கும். சந்தாவும் எல்.ஐ.சி.யும் சேந்தாலே ஒரு லட்சம் தாண்டிடும்ல? அதுக்கு மேல எதக் கூட்டினாலும் வரம்போட நின்னுடும். தப்பு வெளிய தெரியாது. இந்த வருஷம் வரம்ப ஏத்திட்டாங்க. அதான் தெரியுது.”

அவன் சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்தவரிடம் திரும்பிவிட்டான். மேரிசெல்வி அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். அவளுக்குத் தன் மூவாயிரம் ஞாபகத்தில் இல்லை. தனகோட்டிக்கு நாற்பத்தெட்டாயிரத்துக்கு வரி, செஸ்ஸோடு சேர்த்துப் பத்தாயிரத்துக்குக் கொஞ்சம் கம்மி. பிடித்தமெல்லாம் போக அவர் கைக்கு வருவதே இருபத்து மூவாயிரம்தான். அதில் பத்து போனால் வளைகாப்பு என்ன ஆகும்? அவளிடம் கணக்குப் போட்டவர்களில் இன்னும் நான்கு பேருக்கு லோன் இருந்தது.

அதற்கும் அடியில் இன்னொன்று உறுத்தியது. இந்தத் தப்பு அவளுடையது இல்லை. அன்றைக்குத் தட்டோடு நின்று அவள் கேட்க வந்தது இதைத்தான். லோன் கட்டுவதையும் ஏன் கூட்டுகிறீர்கள் என்று கேட்கத்தான் வாயைத் திறந்தாள். வருஷா வருஷம் கணக்கு சரியாக வந்ததில் அந்தக் கேள்வியையே மறந்துபோயிருந்தாள்.

வழி இருந்தது, இல்லாமல் இல்லை. மார்ச் முப்பத்தொன்றுக்குள் வேறு எதிலாவது நாற்பத்தெட்டாயிரம் போட்டால் பிடித்த வரியைப் பிறகு திரும்ப வாங்கலாம். கையில் நாற்பத்தெட்டாயிரம் வைத்திருக்கிறவன் எதற்கு லோன் கட்டிக்கொண்டிருக்கிறான்? பேசாமல் வாயை மூடிக்கொண்டும் இருக்கலாம். சம்பளம் வந்ததும் புது பட்ஜெட்டு, டெல்லிக்காரன் என்று இரண்டு நாள் திட்டிவிட்டு விட்டுவிடுவார்கள். ஆனால் தனகோட்டி இப்போதே கடைகளில் முன்பணம் கொடுத்துக்கொண்டிருப்பார். சொல்லத்தான் வேண்டும். சொன்னால் யார் தப்பென்று சொல்வது? “அவர் போட்ட கணக்கே இப்பிடித்தாங்க” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பழி இறங்கிவிடும், ஜனவரித் தொல்லையும் விட்டுவிடும். ஆனால் செத்துப்போன மனுஷனுக்கு இருக்கிற ஒரே நல்ல பேரும் போய்விடும். இந்த யோசனையிலேயே நான்கு நாள் கழிந்தது. உடம்பு அசந்தது, மனசு அதைவிட அசந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேராகத் தனகோட்டி குவார்ட்டர்ஸுக்குப் போனாள். கூடம் நிறையப் பாத்திரங்கள். அவர் மனைவி மாணிக்கம்மாள் வாடகைக்கு எடுத்த அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“வாங்கக்கா. இப்பத்தான் உங்களப் பத்திப் பேசிக்கினு இருந்தோம். ஏழு வக சாதமும் வெச்சிடலாம்னு இவுரு சொல்றாரு. சமையலுக்கு ஆளுகூடச் சொல்லியாச்சு.”

மேரிசெல்வி நாற்காலியில் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல முடியாது என்று பயம்.

“தம்பி, கணக்கு தப்பாப் போச்சு. லோனுக்குக் கட்டுறது சேமிப்புல வராதாம். பிப்ரவரில பத்தாயிரம் கிட்ட புடிப்பாங்க.”

தனகோட்டி சிரித்தார், அவள் விளையாடுகிறாள் என்று. பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். “அது எப்பிடி அண்ணி? எம்பணத்த நானே எடுத்து நானே திருப்பி வெக்கிறேன். அது சேமிப்பு இல்லாம வேற என்னா?”

ஜாஸ்பர் சொன்னதைச் சொன்னாள். அவருக்குப் புரிந்தது. புரிந்ததும்தான் அதிகமாக வலித்தது போல, தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“இத்தினி வருசம் சரியா வந்துச்சே?” என்றாள் மாணிக்கம்மாள்.

இதுதான் இடம். அந்த வாக்கியம் மேரிசெல்வியின் நாக்கு நுனியில் இருந்தது.

“இந்த வருஷம் நாந்தான் தப்பாக் கூட்டிட்டேன்” என்றாள்.

அண்டா தேய்க்கிற சத்தம் நின்றது. “அண்ணன் இருந்திருந்தா இப்பிடி ஆவ உட்டிருப்பாரா?” என்று மாணிக்கம்மாள் யாரையும் பார்க்காமல் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. துக்கமாகச் சொன்னாள்.

“உட்டிருக்க மாட்டாரு” என்றாள் மேரிசெல்வி.

கொஞ்ச நேரம் புருஷனும் பெண்டாட்டியும் ஏழு சாதத்தை ஐந்தாகக் குறைப்பது பற்றிப் பேசினார்கள். பந்தல் வேண்டாம், வராந்தாவிலேயே வைத்துக்கொள்ளலாம். வளையலில் கை வைக்க முடியாது, சம்பந்தியம்மாள் அதைத்தான் எண்ணுவாள். மேரிசெல்வி நின்றுகொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். போய்விடவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை. கடைசியில் தனகோட்டி எழுந்து கேட் வரை வந்தார். நல்ல மனுஷன். அவள் முகத்தைப் பார்த்து அவருக்கே பாவமாகிவிட்டது.

“வுடுங்க அண்ணி, மனசுல வெச்சிக்காதீங்க. உங்க மேல என்னா தப்பு? அண்ணனே சொல்வாரு, எம்பொண்டாட்டிக்குக் கணக்கு மட்டும் வராதுன்னு. நாங்கதான் கேக்காம உங்களப் புடிச்சுக் கஷ்டப்படுத்திக்கினு இருந்தோம். அடுத்த வருசத்துலேர்ந்து பஜார்ல ஆடிட்டர்கிட்ட குடுத்துக்கிறோம். நீங்க ரெஸ்ட் எடுங்க.”

“சரி தம்பி” என்றாள்.

மற்ற நான்கு வீட்டுக்கும் அன்றே போய்ச் சொல்லிவிட்டாள். ஒரு வீட்டில் கத்தினார்கள், ஒரு வீட்டில் காபி கொடுத்தார்கள். நான்கு வீட்டிலும் தைரியநாதன் பேர் வந்தது, நான்கு வீட்டிலும் நல்லவிதமாகவே வந்தது.

சாயங்காலம் சென்னையிலிருந்து ஜெனிஷா ஃபோன் செய்தாள். டியூட்டி முடிந்த களைப்பில் இருந்தவளுக்கு விஷயத்தைக் கேட்டதும் தூக்கம் கலைந்துவிட்டது.

“அப்பா போட்ட கணக்குன்னு சொல்ல வேண்டியதுதானம்மா? உன்னப் போய் எல்லாரும்...”

“சொன்னா அவரு வந்து பதில் சொல்லப் போறாரா? வர்ற ஆளுக்கெல்லாம் டீ போட்டுக் குடுத்து நானுல்ல விளக்கணும்?”

“வெளையாடாதம்மா.”

“ஏண்டி, அந்த மனுஷனுக்கு எதுலயாவது நல்ல பேரு இருந்துச்சா? இது ஒண்ணுதான். அதையும் நான் புடுங்கணுமா?”

ஜெனிஷா மறுபடி ஏதோ சொல்ல வர, மேரிசெல்வி விடவில்லை.

“விடு. இனிமே ஜனவரில யாரும் வரமாட்டாங்க. ஆபீஸ்லேர்ந்து வந்து காலை நீட்டிப் படுக்கலாம்.”

ஃபோனை வைத்தாள். படுக்கலாம் என்று சொன்னவளுக்கு அழுகை வந்தது. தனகோட்டியின் பத்தாயிரத்துக்காகத்தான் அழுகிறோம் என்று முதலில் நினைத்துக்கொண்டாள். அது இல்லை. அன்றைக்கு டீத் தட்டோடு நின்றவளுக்குக் கணக்கு சரியாகத்தான் வந்தது. அது அவளுக்கு இப்போதுதான் தெரியும். பிளாக்கில் வேறு யாருக்கும் தெரியாது. தெரியாமல் இருக்கும்படி அவளே இன்றைக்கு ஐந்து வீடு ஏறிச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.