நான் எடுத்த லைன் கிளியர்

ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுப்பவள் நான். ஒரே சொல்லுக்கு எத்தனை பொருள் இருக்கும் என்று காட்ட, ஒருநாள் 'லைன்' என்று கரும்பலகையில் எழுதிப் பிள்ளைகளைச் சொல்லச் சொன்னேன். மளமளவென்று கொட்டினார்கள். கோயிலில் தரிசனத்துக்கு நிற்பது லைன். போன் கிடைக்காவிட்டால் லைன் பிஸி. நோட்டில் போடும் கோடும் லைன், பாட்டில் வரும் வரியும் லைன். வாடகைக்கு வரிசையாகக் கட்டிவிட்டால் லைன் வீடு. நான் குடியிருப்பதே அப்படி ஒன்றில்தான். கடைசி பெஞ்சிலிருந்து யாரோ மெதுவாக, "லைன் அடிக்கிறது, மிஸ்" என்றதும் வகுப்பே குலுங்கியது. எனக்கும் சிரிப்புதான். அதட்டுவதுபோல் அதட்டி வைத்தேன்.

அகராதியைப் பார்த்துவிட்டுத்தான் போயிருந்தேன். அந்தச் சொல்லின் வேர், லத்தீனில் ஆளிச் செடிக்கு உள்ள பெயராம். நாட்டு மருந்துக் கடையில் ஆளி விதை என்று விற்கிறார்களே, அந்தச் செடி. அதன் நாரில் திரித்த நூலைத்தான் முதலில் லைன் என்றிருக்கிறார்கள். நூலைப் பிடித்துக் கோடு போட்டார்கள், கோடு வரிசையானது, பிறகு கம்பிக்கும் அதே பெயர் வந்தது. இத்தனை பொருளுக்கும் அடியில் ஒரு நூல் கிடக்கிறது என்பது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. வகுப்பில் ஒருவரும் அசரவில்லை.

ஒரு பொருளை மட்டும் நான் பலகையில் எழுதவில்லை. என் கணவர் லைன்மேன். கம்பம் ஏறுவதற்கு முன் சப்-ஸ்டேஷனுக்குப் போன் செய்து 'லைன் கிளியர்' வாங்குவார். கரண்டை நிறுத்தியாயிற்று, ஏறலாம் என்று அர்த்தம். அங்கே நோட்டில் அவர் பெயரை எழுதிக்கொள்வார்கள். வேலை முடிந்து ஆட்கள் எல்லோரும் இறங்கியபின், வாங்கியவரே அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வேறு யார் சொன்னாலும் செல்லாது. கொடுத்த கையோடு எனக்கும் ஒரு போன் வரும். "குடுத்துட்டேன்" என்பார், அவ்வளவுதான். கல்யாணமாகி எட்டு வருஷமாக அந்த ஒரு வார்த்தையைக் கேட்டால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

அன்றைக்குச் சாயங்காலம் காற்றும் மழையும் போட்டு அடித்தது. அடி அண்ணாமலைப் பக்கம் மரம் சாய்ந்து கம்பி அறுந்துவிட்டதென்று போனார். எங்கள் தெருவுக்கும் அதே லைன்தான், அதனால் இங்கேயும் கரண்ட் இல்லை. ஆறு மணிக்குக் கரண்ட் வந்தது. போன் வரவில்லை. நான் அடித்துப் பார்த்தேன். ஸ்விட்ச் ஆஃப்.

கரண்ட் வந்துவிட்டது என்றால் அவர் இறங்கிவிட்டார் என்றுதான் அர்த்தம். புத்திக்குத் தெரிகிறது. ஆனால் யாராவது அவசரப்பட்டு, அவர் மேலே இருக்கும்போதே விட்டிருந்தால்? பக்கத்து வீட்டில் டிவி பாட ஆரம்பித்தது. எழுந்துபோய் எங்கள் வீட்டு மெயின் ஸ்விட்சை இறக்கினேன். எங்கள் மெயினுக்கும் அந்தக் கம்பத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. லைன்மேன் பெண்டாட்டிக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனாலும் அந்த லைட் எரிவதை என்னால் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. மெழுகுவத்திகூட ஏற்றாமல் இருட்டில் உட்கார்ந்திருந்தேன்.

ஏழு மணிக்கு வண்டிச் சத்தம் கேட்டது. தொப்பலாக நனைந்து வாசலில் நின்றார்.

"தெருவெல்லாம் எரியுது, நம்ம வீட்டுல மட்டும் என்னாச்சு டீச்சர்? ஃபியூஸ் போயிடுச்சா?"

"உங்க போன் என்னாச்சு?"

"வயல் தண்ணியில விழுந்துடுச்சு. கூட வந்தவர் போன்லதான் லைன் கிளியர் குடுத்தேன்."

"அதுலயே எனக்கு ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன?"

தலையைச் சொறிந்தார். "சப்-ஸ்டேஷன் நம்பர் மனப்பாடம். உன் நம்பர் தெரியல."

துண்டை அவர்மேல் வீசி எறிந்தேன். அப்புறம்தான் அழுகை வந்தது.

அவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு மெயின் பெட்டியைப் பார்க்கப் போனார். ஃபியூஸ் நன்றாகத்தான் இருந்தது. ஸ்விட்ச் இறங்கியிருந்தது. திரும்பி என்னைப் பார்த்தார். அவரே தூக்கிவிடுவார் என்று நினைத்தேன். கை வைக்கவில்லை. ஒதுங்கி நின்று எனக்கு வெளிச்சம் காட்டினார்.

"இது நீ எடுத்த லைன் கிளியர். நான் போடக் கூடாது. ஆள் இறங்கிட்டாரான்னு பாத்துட்டு, நீதான் குடுக்கணும்."

அவர் தலையைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்றிருந்தது. ஈரக் கையை முந்தானையில் நன்றாகத் துடைத்துக்கொண்டேன்.

"குடுத்துட்டேன்" என்று சொல்லி மெயினைத் தூக்கினேன்.