வற்றிய ஏரிக்குள் ஒரு கேள்வி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் ஒரு கோடை. உடையார்பாளையம் பக்கம் எங்கள் ஊர் ஏரி வற்றிவிட்டால், மாடு மேய்க்கிற பையன்களுக்கு அதுதான் சடுகுடு களம். எங்கள் செவலைக் காளை உள்ளே இறங்கினால் லேசில் ஏறாது, அது வேறு கதை. ஊருக்குள் என்னைத் தொடாத பண்ணையார் மகன் கலியமூர்த்தி, அங்கே என் காலைக் கட்டிக்கொண்டு உருளுவான். பெரியவர்களுக்குத் தெரிந்தால் என் அப்பாவுக்குப் பண்ணை வேலை போய்விடும்.

அந்த வருஷம் மெட்ராஸிலிருந்து ஒரு அம்மா வந்தார். வளருகிற பிள்ளைகள் யாரோடு சேருகிறார்கள், ஏன் சேருகிறார்கள் என்று ஆராய்ச்சி செய்கிறவராம். ஆயுசு முழுக்க இதுதான் வேலை என்றார். இதற்கென்று ஒரு படிப்பா என்று வாயைப் பிளந்தேன்.

எங்களைத் தினம் ஒருவராக விசாரித்து வந்தவர், ஒருநாள் ஏரிக்குள் கலியமூர்த்தியிடம் கேட்டார்: "உங்க பக்கம் ஒரே ஒரு ஆளைத்தான் சேர்த்துக்கலாம்னா, யாரைக் கூப்பிடுவீங்க தம்பி?"

அப்போதுதான் கரையில் பண்ணையார் நிற்பதைப் பார்த்தோம். கலியமூர்த்தி அப்பாவைப் பார்த்தான். பிறகு என்னைக் காட்டினான்.

"அவனையாடா?" என்றார் பண்ணையார்.

"ஆமாப்பா. நம்ம தெருப் பயலுவ பாதியிலேயே மூச்சு விட்டுடுவானுவ. இவன் விடமாட்டான்."

பண்ணையார் அந்த அம்மாவிடம் திரும்பினார். "ஏம்மா, இதையெல்லாமா கேப்பீங்க?"

"கேட்டாத்தானேங்க தெரியும்."

பண்ணையார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார். மறுநாள் வழக்கம்போல அப்பாவுக்கு வேலை இருந்தது. ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

என் முறை வருவதற்குள் அந்த அம்மா ஊருக்குப் போய்விட்டார். கேட்டிருந்தால் சொல்ல ஒரு பெயர் வைத்திருந்தேன். இன்னும் வைத்திருக்கிறேன்.