இடது பக்கம் பாடிய பாட்டு

எனக்குச் சங்கீதம் தெரியும் என்று என்னைத் தவிர யாரும் சொன்னதில்லை. ஆனாலும் கொல்லிமலையில் பஸ் வாந்திக்குப் பாட்டால் வைத்தியம் பார்த்த ஒரே ஆள் நான்தான். கொஞ்ச காலம் அந்த வைத்தியம் அமோகமாக நடந்தது. பிறகு என் மானம் கப்பலேறியது.

என் மனைவி அடிவாரத்துப் பெண், காளப்பநாயக்கன்பட்டிக்காரி. மலையில் மிளகும் காப்பியும் வைத்திருக்கிற என்னைக் கட்டிக்கொண்டு மேலே வந்த அன்றே, சீர்வரிசையில் வந்த புதுக் குண்டாவில் வாந்தி எடுத்தவள். எழுபது கொண்டை ஊசி வளைவு அவளுக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. எலுமிச்சம்பழம், புளிப்பு மிட்டாய், முன் சீட்டு, வெறும் வயிறு, நிறைந்த வயிறு என்று எல்லாம் பார்த்தாயிற்று. நானும் பக்கத்தில் உட்கார்ந்து மிளகு விலை, மழை நிலவரம், பங்காளிகளின் யோக்கியதை என்று பேசிப் பேசி அவள் கவனத்தைத் திருப்பப் பார்ப்பேன். பாதி மலை வருவதற்குள் கண்டக்டர் கேட்காமலே ஒரு பிளாஸ்டிக் கவரைக் கொண்டுவந்து நீட்டிவிடுவார். அதனால் பொங்கலுக்கும் ஆடிக்கும் மட்டும்தான் அம்மா வீட்டுக்கு இறங்குவாள்.

அப்படியிருக்கும்போதுதான் என் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். இவள் ஒரே பெண். வாரா வாரம் போய்க் குளிப்பாட்டி, துணி துவைத்து, சமைத்து வைத்துவிட்டு வர வேண்டும். போகும்போது ஒரு வாந்தி, வரும்போது ஒரு வாந்தி, வந்த மறுநாள் முழுக்கப் படுக்கை. ஒரு மாதம் இப்படிப் போனதும் ஒருநாள் காலையில் சொன்னாள்.

"ஏனுங்க, இப்படியே போனா நானும் படுத்துக்குவேன். அம்மா எந்திரிச்சு நடக்கற வரைக்கும் அங்கேயே இருந்துக்கறேன். நீங்க ரெண்டு அரிசியைப் போட்டு ஆக்கிச் சாப்பிட்டுக்குங்க."

சோறு கிடக்கட்டும், கஞ்சி குடித்தாவது கிடப்பேன். அவள் இல்லாத வீட்டில் நான் யாரிடம் பேசுவது? நினைக்கவே பயமாக இருந்தது.

அன்றே மலையிறங்கிச் சேந்தமங்கலத்துக்கு ஓடினேன். செல்போன் கடை வைத்திருக்கிற பாய் எனக்குப் பழக்கம். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "காதுல பாட்டு ஓடுச்சுன்னா வளைவே தெரியாதுங்க. எங்கூட்டுக்காரியை ஊட்டிக்கு அப்படித்தான் கூட்டிட்டுப் போனேன்" என்றார். போனில் கேட்கலாம் என்றால் மலை ஏறும்போது நாலு வளைவுக்கு ஒரு தரம் சிக்னல் செத்துவிடும், பாட்டு தொண்டையில் சிக்கி நின்றுவிடும். அவர் கடை மூலையில் தேடி, தீப்பெட்டி அளவில் ஒரு எம்பி3 பிளேயரை எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். கூடவே ஒரு ஹெட்செட். இந்தக் காலத்தில் இதை யார் வாங்குகிறார்கள் என்று அவருக்கே ஆச்சரியம்.

பாட்டுகளை நானே தேர்ந்தெடுத்தேன். சும்மா இல்லை, வளைவு பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். அடிவாரத்தில் நாதஸ்வரம், நடுமலையில் மெல்லிசை, வளைவுகள் நெருக்கியடிக்கிற இடத்தில் தாலாட்டு. இறங்கும்போது அதையே தலைகீழாகப் போட வேண்டும். பாய் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்புறம் வியாபாரம் கெட்டுவிடும் என்று விட்டுவிட்டார் போலிருக்கிறது.

அடுத்த வாரம் பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம், நான் இந்தப் பக்கம். ஹெட்செட்டில் இடது காதுக்கானது அவளுக்கு, வலது எனக்கு. வைத்தியர் பக்கத்திலிருந்து கவனிக்க வேண்டாமா? பாட்டு ஓடும்போது வாயைத் திறக்கக் கூடாது என்றும் நானே சட்டம் போட்டேன். சங்கீதத்துக்கு ஒரு மரியாதை உண்டில்லையா? நல்ல இடம் வந்தால் முழங்கையால் லேசாக இடிப்பேன், அவள் தலையாட்டுவாள். அவ்வளவுதான் எங்கள் சம்பாஷணை.

அன்றைக்கு அவள் வாந்தி எடுக்கவில்லை. காளப்பநாயக்கன்பட்டியில் இறங்கி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராக நடந்துபோனாள். கட்டிலில் கிடந்த மாமியார் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளைக்கு இத்தனை கெட்டிக்காரத்தனம் இருக்குதுன்னு எனக்கு இத்தனை வருசமாத் தெரியலீங்க" என்றார். அதில் குத்தல் ஏதும் இருந்ததா என்று நான் யோசிக்கவில்லை. பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வாரா வாரம் போனாள், வந்தாள். அங்கேயே தங்கிக்கொள்கிறேன் என்ற பேச்சு அடங்கிப்போனது. மருந்து வீணாகக் கூடாது என்று பிளேயரை வீட்டில் யாரும் தொடக் கூடாது என்றேன். ஒரு சுருக்குப் பையில் போட்டு அவள் கைப்பையில் வைத்திருப்பாள், பஸ் ஏறினால்தான் வெளியே வரும். இறங்கியதும் நான் கேட்பேன், "ஏம்புள்ள, சரணம் முடியற எடத்துல அந்த வயலின் எப்படி?" "ஆமாங்க" என்பாள். "தபேலா?" "அதுவுந்தாங்க." என் மனைவிக்கு இத்தனை ரசனையா என்று எனக்கு உள்ளூரப் பெருமை.

நமக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. செம்மேட்டு டீக்கடையில் உட்கார்ந்து என் பிரதாபத்தை அவிழ்த்துவிட்டேன். பாட்டு என்பது காதுக்கு அல்ல, குடலுக்கு என்றேன். பஸ்ஸில் ஸ்பீக்கர் வைத்து அலறவிடுவது பாட்டே அல்ல, காதுக்குள் தனியாகச் சொட்டுச் சொட்டாக இறங்க வேண்டும் என்றேன். டீ குடிக்க வந்த கண்டக்டர் மட்டும், "அண்ணா, இதைத்தான் நான் தேடிட்டிருந்தேன். தினம் வண்டி கழுவி மாளல. அந்தப் பாட்டை அப்படியே பென்டிரைவுல போட்டுக் குடுங்க" என்றார். ஸ்பீக்கரைத் திட்டிய வாயாலேயே சரி என்றேன். ஊருக்கே வைத்தியராகும் வாய்ப்பை யார் விடுவார்கள்?

அந்த வாரம் பேளுக்குறிச்சிச் சந்தைக்குப் போகிற கூட்டம். பஸ் நிறைய ஆட்கள், பலாப்பழம், கோழி. என் பாட்டு ஸ்பீக்கரில் ஓடியது. ஹெட்செட் தேவையில்லை என்று அன்று அதை எடுக்கவேயில்லை. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, எந்த வளைவுக்கு எந்தப் பாட்டு, அது குடலில் எங்கே வேலை செய்கிறது என்று எல்லோருக்கும் விளக்கிக்கொண்டே வந்தேன். நடுமலைகூட வரவில்லை. முதலில் ஒரு அம்மா, அடுத்து அவர் பக்கத்தில் இருந்தவர், அப்புறம் வரிசையாக. கவர் தீர்ந்துபோய் கண்டக்டர் என்னைப் பார்த்த பார்வையை நான் செத்தாலும் மறக்கமாட்டேன். அதைவிடக் கொடுமை, ஜன்னல் பக்கம் என் மனைவியும் தலையை வெளியே நீட்டியிருந்தாள்.

"டிரைவர் வளைவுல வேகமா ஒடிச்சுத் திருப்பறாருங்க" என்று எல்லோரிடமும் சொன்னேன். கோழி மட்டும் கத்தியது.

அன்று முழுக்க அவள் அம்மா வீட்டில் சுருண்டு படுத்திருந்தாள். மறுபடி பழைய பேச்சு வந்துவிடுமோ என்று எனக்கு உதறல். குற்றம் ஸ்பீக்கரில்தான் என்று முடிவுகட்டி, மறுநாள் அவள் கைப்பையிலிருந்து பிளேயரை எடுத்துக்கொண்டு சேந்தமங்கலம் போய்ப் பாயிடம் இருப்பதிலேயே நல்ல ஹெட்செட் ஒன்றை வாங்கினேன். கடையிலேயே பிளேயரில் சொருகி, முதல்முறையாக இரண்டு காதிலும் வைத்துக் கேட்டேன்.

அடேயப்பா! நான் மனப்பாடமாக வைத்திருந்த அந்த நடுமலைப் பாட்டில், இடது காதில் ஒரு புல்லாங்குழல் வந்தது. நான் கேட்டதேயில்லை. பாடுகிறவர் ஒரு வரியை முடித்ததும் அது தயங்கித் தயங்கிப் பதில் சொல்கிறது. கடைக்குள் நின்றுகொண்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதையா இத்தனை நாளாக அவள் தனியாக அனுபவித்துக்கொண்டு வந்தாள்?

நேராகப் போய்க் கேட்டேன். "ஏம்புள்ள, உன் காதுல இத்தனை நாளா புல்லாங்குழல் ஓடிட்டிருந்திருக்குது. ஒரு வார்த்தை எங்கிட்டச் சொன்னியா?"

மாமியாருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தவள் கரண்டியோடு திரும்பினாள். முழித்தாள். அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"என் பக்கம் எங்கீங்க ஓடுச்சு? அது வாங்கின ரெண்டாம் வாரமே செத்துப்போச்சுங்க. வயரு உள்ளுக்குள்ள அத்துப்போச்சு போல."

"செத்துப்போச்சா? அப்புறம் எதுக்கு அதைக் காதுல வெச்சுக்கிட்டு வந்தே?"

"எடுத்துட்டா நீங்க பேச ஆரம்பிச்சிருவீங்களேங்க."

கட்டிலிலிருந்து மாமியாரின் இருமல் கேட்டது. அது இருமல் இல்லை என்று எனக்கும் தெரியும்.

அவளே மெதுவாகச் சொன்னாள். "கோவிச்சுக்காதீங்க. வளைவுகூடச் சமாளிச்சுருவேங்க. வளைவும் நீங்களும் சேர்ந்து வந்தாத்தான் கொடலைப் பொரட்டுது. பாட்டுன்னா வாயை மூடிக்கிட்டு வாரீங்க. அதான் சும்மா இருந்துட்டேன்."

வயலின், தபேலா என்று அவள் போட்ட ஆமாங்க எல்லாம் காதில் வந்து மோதின. நான் ஒரு பாதியைக் கேட்டுக்கொண்டு முழுசையும் ரசித்ததாகப் பீற்றியிருக்கிறேன். அத்தனை பாட்டிலும் மறுபாதி யார் காதுக்கும் போகாமல் அறுந்த வயருக்குள்ளேயே நின்றுபோயிருக்கிறது. எம்பி3 பிளேயர் என்ற சாதனம் அவளுக்குப் பாட்டுப் பெட்டியே அல்ல, எனக்குப் போட்ட பூட்டு. வெட்கமாக இருந்தது. அதைவிட, வலித்தது.

சாயங்காலம் பஸ் ஏறியதும் புது ஹெட்செட்டின் இரண்டையும் அவள் காதுகளிலேயே வைத்துவிட்டேன். பாட்டைப் போட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு முன் சீட்டின் கம்பியைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். சத்தியமாக ஒரு வார்த்தை பேசவில்லை. கண்டக்டர் வந்து சீட்டுக் கிழித்தபோதுகூட விரலைத்தான் காட்டினேன். அவர் பயந்துபோய் இரண்டு கவரைச் சேர்த்தே கொடுத்துவிட்டுப் போனார்.

அவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டு வந்தாள். நடுமலைப் பாட்டு வந்தபோது அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். புல்லாங்குழல் வந்திருக்க வேண்டும். அவள் முழங்கை என்னை இடிக்கவில்லை. இடிக்க என் காதில்தான் ஒன்றும் இல்லையே. இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவள் என் தோளில் இடித்துக்கொண்டு எங்கோ தனியாகப் போய்க்கொண்டிருந்தாள். தீப்பெட்டி அளவு சாமானைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். வாயில்லாமல் நான் அவளுக்கு யார் என்று யோசித்தேன். வளைவுகள் மட்டும் வந்துகொண்டே இருந்தன.

மேல்மலைக் காற்று சில்லென்று அடிக்கத் தொடங்கியபோது அவள் இரண்டையும் கழற்றினாள். சுற்றிச் சுருக்குப் பையில் போட்டாள்.

"ஏனுங்க, பாட்டு ரொம்ப நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா நீங்க இப்படி உம்முனு வாரது எனக்கு என்னமோ பண்ணுது. ஏதாச்சும் பேசுங்க."

"எதைப் பத்தி?"

"அந்தப் புல்லாங்குழலைப் பத்தித்தான் பேசுங்களேன்."

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். அவள் ஒரு கையில் எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டாள். மறுகையில் கண்டக்டர் கொடுத்த கவரை உதறிப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு, "ம், ஆரம்பிங்க" என்றாள்.